பிரித்துத்தான் பார்க்க வேண்டுமா?

1860-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ராபர்ட் புன்சனும் குஸ்தாவ் கிர்க்காஃபும் டுர்க்கைம் என்ற ஊரின் ஊற்று நீரைச் சுடரில் காட்டிப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் நிறமாலைமானியை அமைத்திருந்தார்கள். அதில் அதுவரை எந்தத் தனிமமும் காட்டியிராத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. சீசியம் அகப்பட்டுவிட்டது. பார்ப்பதற்குச் சில துளிகள் போதும். அதையே கையில் எடுத்து ஆராய வேண்டும் என்றபோது அந்த ஊற்று நீரில் 44,000 லிட்டரைக் காய்ச்சி வற்றவைக்க நேர்ந்தது. கிடைத்த சீசியம் குளோரைடு 7 கிராமுக்குச் சற்று மேல்.

பார்ப்பதற்கும் பிரிப்பதற்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வு, பகுப்பாய்வு வேதியியலில் இன்றும் தீராத வழக்கு. ஒரு கலவைக்குள் என்ன இருக்கிறது என்று அறிய அதைக் கூறு கூறாகப் பிரித்தே ஆக வேண்டுமா? கலவையாகவே வைத்துக்கொண்டு ஒளியைப் பாய்ச்சிப் படித்துவிட முடியாதா? இந்தத் துறையில் இரண்டு மரபுகள் உண்டு. குழலில் ஊற்றிப் பிரிப்பவர்கள் ஒரு சாரார். நிறமாலையை நம்புகிறவர்கள் மறு சாரார். ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தாலும் இவர்களின் மனச்சாய்வு வேறு. ஒன்றரை நூற்றாண்டுக் காலச் சான்றுகளை வைத்துப் பார்த்தால், விடை கருவியின் திறமையைவிடக் கேள்வியின் தன்மையைச் சார்ந்திருக்கிறது என்பதே என் முடிவு. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து, மறைக்க முயலும் எதிராளியும் இல்லாத இடத்தில் நேராகப் பார்க்கலாம். இரண்டில் ஒன்று பிசகினாலும் பிரிக்காமல் தப்ப முடியாது.

நிறமாலைக்காரர்களின் தரப்பு வலிமையானது. சூரியனைச் சோதனைக் குழாயில் பிடித்து வர முடியாது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் முகாமிட்டிருந்த பிரெஞ்சு வானியலாளர் பியேர் ஜான்சன், சூரிய விளிம்பில் எழும் சுடர்களின் நிறமாலையைப் பார்த்து அவை கொதிக்கும் வாயுக்கள் என்று கண்டார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர், அந்தச் சுடர்களின் மஞ்சள் கோடு சோடியத்தினுடையதாக இருக்க முடியாது என்று முடிவுகட்டினார். அந்தத் தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. வில்லியம் ராம்சே 1895-ல் யுரேனியத் தாது ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும்வரை பூமியில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பிரிப்பு இருபத்தேழு ஆண்டுகள் பின்தங்கி வந்தது.

தனிமங்களைப் பொறுத்தவரை வழக்கு நிறமாலையின் பக்கமே சாய்ந்தது. 1955-ல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ஆலன் வால்ஷ் அணு உட்கிரகிப்பு முறையை வெளியிட்டார். ஈய விளக்கின் ஒளியை ஈய அணு மட்டும்தான் உறிஞ்சும். செம்புக்கும் துத்தநாகத்துக்கும் அதில் வேலை இல்லை. வாரக்கணக்கில் வீழ்படிவாக்கி, வடிகட்டி, எடை போட்டுச் செய்த வேலை நிமிடங்களில் முடிந்தது. ஈயமோ காட்மியமோ எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல இனிப் பிரிக்கத் தேவையில்லை என்று பலர் எண்ணினார்கள்.

ஆர்சனிக் அந்த எண்ணத்தைக் கலைத்தது. கடல் மீனிலும் இறாலிலும் உள்ள ஆர்சனிக்கின் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற கரிமச் சேர்மம். உடலுக்கு அது ஊறு செய்வதில்லை. சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். வங்காளத்தின் குழாய்க் கிணற்று நீரிலும் அந்த நீரில் விளைந்த அரிசியிலும் பெரும்பாலும் இருப்பது கனிம ஆர்சனிக், அது கொல்லும். மொத்த ஆர்சனிக்கை மட்டும் அளக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே இன்றைய ஆய்வகம் முதலில் ஒரு குழலில் இந்த வடிவங்களைப் பிரித்து, பிறகே தனிமங்களை எண்ணும் கருவிக்கு அனுப்புகிறது. முடிந்ததாக நினைத்த வழக்கு பிரிப்பவர்களிடமே திரும்பி வந்தது.

மூலக்கூறுகளின் உலகில் நிறமாலையின் பெரிய வெற்றி நம் பக்கத்தில் நிகழ்ந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தா பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் திரவத்தில் சிதறும் ஒளியில் நிறம் மாறிய ஒரு சிறு பங்கு இருப்பதை உறுதிசெய்தார்கள். அந்த மாற்றம் மூலக்கூறின் அதிர்வுகளைச் சொல்கிறது. சிதறுகிற ஒளியிலும் மிக மிகச் சொற்பமே அப்படி மாறுகிறது என்பதால், 1960-ல் லேசர் பிறக்கும்வரை அதை அளப்பது கடினமாகவே இருந்தது. இன்று மருந்துக் கிடங்குகளில் கைக்கடக்கமான ராமன் கருவியைப் பையின் மேலேயே வைத்து உள்ளே இருக்கும் தூள் லேபிளில் சொன்னதுதானா என்று பார்க்கிறார்கள். பையைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு பொருள் பெருமளவாக இருக்கும் இடத்தில் இதைவிட எளிய சோதனை கிடையாது. ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்திருக்கும் நஞ்சைத் தேடச் சொன்னால் அது கைவிரித்துவிடும்.

இனிப் பிரிப்பவர்களின் கதை. அது ஓர் அவமதிப்பில் தொடங்குகிறது. இத்தாலியில் பிறந்த ருஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட், வார்சாவில் 1903-ல் தம் முறையை விளக்கினார். கண்ணாடிக் குழலில் சுண்ணாம்புத் தூளை இறுக்கி, மேலே இலைச் சாற்றை விட்டு, கரைப்பானை ஊற்றினால் பச்சையும் மஞ்சளுமாக வளையங்கள் தனித்தனியே இறங்கும். 1906-ல் அதற்கு குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். நம் பாடநூல்களில் அது வண்ணப்பிரிகை. குளோரோபில் ஒன்றில்லை, இரண்டு என்று அதைக் கொண்டு காட்டினார். குளோரோபில் ஆய்வின் பேரரசராக இருந்து 1915-ல் நோபல் பெற்ற ரிச்சர்ட் வில்ஷ்டேட்டரின் வட்டம், அந்தத் தூளில் பட்டால் நிறமிகள் சிதைந்துவிடும் என்று ஐயப்பட்டு முறையை ஒதுக்கியது. ஸ்வெட் 1919-ல் இறந்தார். 1931-ல் ஹைடல்பர்க்கில் ரிச்சர்ட் கூனும் எட்கர் லெடரரும் கேரட்டின் நிறமிகளை அதே வழியில் பிரித்துக் காட்டிய பிறகே முறைக்கு உயிர் வந்தது.

முறைக்குக் கணக்கு வந்தது கம்பளி ஆராய்ச்சியில். லீட்ஸ் நகரின் கம்பளித் தொழில் ஆய்வகத்தில் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் கம்பளிப் புரதத்தின் அமினோ அமிலங்களைப் பிரிக்க முயன்றார்கள். இரண்டு திரவங்களை எதிரெதிரே ஓடவிடும் அவர்களின் எந்திரம் ஒத்துழைக்கவில்லை. ஒரு திரவத்தைச் சிலிக்கா தூளில் நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் ஓடவிட்டால் என்ன என்று 1941-ல் திரும்பினார்கள். திருவிழாக் கூட்டத்தில் வளையல் கடை, பொரிக் கடை என்று ஒவ்வொன்றாக நின்று போகிறவரும், எதிலும் நிற்காமல் நடக்கிறவரும் தேரடிக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வார்கள் அல்லவா? குழலுக்குள் மூலக்கூறுகளுக்கு நேர்வது அதுதான். நிலையான பொருளிடம் ஒட்டுதல் அதிகமுள்ளவை தாமதமாகும். ஒட்டாதவை முன்னே போகும். அந்த ஒரே கட்டுரையில் அவர்கள் இரண்டு விஷயங்களையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள்: ஓடுவது திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வாயுவாகவும் இருக்கலாம், தூளை இன்னும் நுண்ணியதாக்கி அழுத்தத்தைக் கூட்டினால் பிரிப்பு கூர்மையாகும். முதலாவது இன்றைய ஜி.சி. (வாயு வண்ணப்பிரிகை), இரண்டாவது எச்.பி.எல்.சி. (உயர் அழுத்தத் திரவ வண்ணப்பிரிகை). முதல் யோசனை பத்தாண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1952-ல் டோனி ஜேம்ஸுடன் சேர்ந்து மார்ட்டினே அதைச் செய்து முடித்தார். சிங்குடன் அவருக்கு நோபல் கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

இங்கே எரிகா கிரெமரைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக்கில் இருந்த அவர், வாயுவைக் கொண்டு பிரிக்கும் முறையை விவரித்து 1944-ல் ஒரு கட்டுரை அனுப்பினார். ஏற்கப்பட்ட கட்டுரை, அச்சகம் குண்டுவீச்சில் அழிந்ததால் வெளிவரவில்லை. 1976-ல் வரலாற்று ஆவணமாக அச்சேறியது. இந்தத் துறையின் வரலாற்றில் முன்னோடி என்ற பட்டம் எப்படி வழங்கப்படுகிறது என்பதைத் தனியாகவே எழுதலாம்.

பிரிப்பு என்பது இயற்கைக்கு எதிரான வேலை. சர்க்கரையும் உப்பும் நீரில் தாமாகக் கலந்துவிடும், தாமாகப் பிரியமாட்டா. யூட்டா பல்கலைக்கழகத்தின் கால்வின் கிடிங்ஸ் இந்த அடிப்படையிலிருந்து பிரிப்பியலுக்கு ஒரு கோட்பாட்டை எழுப்பியவர்.  1983-ல் ஜோ டேவிஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கணக்கு பிரிப்பவர்களின் தன்னம்பிக்கையைக் குலைத்தது. குழலிலிருந்து வெளிவரும் கூறு பதிவு வரைபடத்தில் ஒரு முகடாக எழும். ஒரு குழலில் 100 முகடுகளுக்கு இடம் இருக்கிறது என்று வையுங்கள். கலவையின் கூறுகள் அதில் தற்செயலாக வந்து விழுகின்றன என்றால், எத்தனை கூறுகளைப் போட்டாலும் கண்ணில் படும் முகடுகள் 37-ஐத் தாண்டா. உள்ளபடியே ஒரே பொருளைக் கொண்ட முகடுகள் அதிகபட்சம் 18 தேறும். மீதியெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்று ஒன்றாகத் தோற்றமளிப்பவை. காப்பி மணத்திலேயே 800-க்கும் மேற்பட்ட சேர்மங்கள் இருக்கின்றன. அழகான ஒற்றை முகட்டைக் கண்டு, பொருள் தூய்மையானது என்று அறிக்கை எழுதும் பழக்கத்துக்கு இந்தக் கணக்கே தக்க பதில்.

ஆக, பிரிப்பு மட்டும் போதாது. குழலின் முடிவில் வந்து சேர்வது யார் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். 1950-களின் நடுவில் அமெரிக்காவின் டவ் நிறுவனத்தில் ரோலண்ட் கோல்க்கும் ஃபிரெட் மெக்லாஃபர்ட்டியும் ஜி.சி.யின் வாயை, மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியோடு இணைத்தார்கள். அதன்பின் ஊக்கமருந்துச் சோதனையும் பூச்சிக்கொல்லி எச்சச் சோதனையும் தடயவியலும் அந்த இணைப்பின் மேல்தான் நிற்கின்றன. திரவக் குழலுக்கும் நிறைமானிக்கும் அப்படியோர் இணைப்பு எளிதில் அமையவில்லை. ஒன்று ஈரத்தில் வாழ்வது, மற்றது வெற்றிடத்தில். கரைசலை மின்புலத்தில் நுண்துளிகளாகத் தெறிக்கவைத்து ஜான் ஃபென் 1980-களில் அந்தப் பாலத்தைப் போட்டார். 2002-ல் அவருக்கும் ஜப்பானின் கோயிச்சி தனாகாவுக்கும் நோபல் வந்தது.

சாதாரண நிறமாலைகள் எட்ட முடியாத ஓர் இடம் உண்டு. கார்வோன் என்ற மூலக்கூறு இரண்டு வடிவங்களில் இருக்கிறது; ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஒரு வடிவம் புதினாவாக மணக்கிறது, மற்றது சதகுப்பை விதையாக. நம் மூக்கு கண நேரத்தில் வேறுபடுத்துகிறது. சாதாரண அகச்சிவப்பு நிறமாலை, காந்த ஒத்ததிர்வு, நிறை நிறமாலை மூன்றுக்கும் இரண்டும் ஒன்றே. வலக்கை, இடக்கை வேறுபாடு அறிந்த ஒரு சூழலுக்குள் அவற்றை அனுப்பினால்தான் வேறுபாடு வெளிப்படும். ஜப்பானின் யோஷியோ ஒகமோட்டோ செல்லுலோஸ் வழிப்பொருள்களைப் பூசி அமைத்த குழல்கள் அந்த வேலையைச் செய்தன. ஒரே மருந்தின் ஒரு கை குணப்படுத்த, மறு கை வேறு விளைவு தரலாம் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1992-ல் இரண்டையும் தனித்தனியே கணக்கில் எடுக்கும் கொள்கையை வெளியிட்டது. இந்தக் குழல்கள் இல்லாமல் அப்படியொரு கொள்கை காகிதத்தில்தான் இருந்திருக்கும்.

எதிராளி விஷயத்துக்கு வருவோம். பாடநூல்கள் இதை அதிகம் பேசுவதில்லை. கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் மதுவடிப்பு ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883-ல் தானியப் புரதத்தை அளக்க ஒரு வழி கண்டார். அமிலத்தில் கொதிக்கவைத்து, வரும் நைட்ரஜனை அளந்து, 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கினால் புரதம் வந்துவிடும். மோசம் செய்கிறவர் இல்லாத உலகில் இது அருமையான முறை. சீனாவில் 2008-ல் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் சேர்த்தார்கள். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கெல்டால் கணக்கில் அது 400 விழுக்காட்டுக்கு மேல் ‘புரதம்’! ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். கலப்படக்காரருக்கு ஆய்வகத்தின் முறை தெரிந்திருந்தது. குழலில் ஒருமுறை பிரித்திருந்தால் மெலமைன் தனி முகடாக எழுந்து நின்றிருக்கும்.

தேன் வழக்கு இன்னும் சிக்கலானது. கரும்பும் மக்காச்சோளமும் ஒளிச்சேர்க்கையில் பின்பற்றும் வழி வேறு என்பதால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 விகிதம் மாறுபடும். தேனில் வெல்லப்பாகு கலந்தால் ஐசோடோப்புச் சோதனை காட்டிக்கொடுக்கும். அரிசிப் பாகு அந்தச் சோதனையில் தப்பிவிடும். நெல்லும் பூச்செடிகளைப் போன்ற வழியையே பின்பற்றுகிறது. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, உள்நாட்டுச் சோதனைகளில் தேறிய பல தேன் வகைகள் ஜெர்மனியில் காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் தோற்றன என்றது. நிறுவனங்கள் மறுத்தன, ஒப்பீட்டுத் தரவுத்தளம் எந்த நாட்டுத் தேனை வைத்துக் கட்டப்பட்டது என்றும் கேட்டன. கவனிக்க வேண்டியது, இங்கே திருட்டைப் பிடித்ததாகச் சொல்லப்படும் முறை எதையும் பிரிப்பதில்லை. முழுத் தேனின் சாயலையும் ஒரே வீச்சில் எடுத்து நல்ல தேன்களோடு ஒப்பிடுகிறது. இதை நிறமாலைக்காரர்களின் வெற்றியாக ஏற்கிறேன். அடுத்த பாகு இந்தச் சாயலையும் பார்த்துப் படித்துத்தான் தயாராகும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிரிப்பே வேண்டாம் என்ற குரல் இந்த நூற்றாண்டில்தான் உரத்து ஒலிக்கிறது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸின் குழு 2004-ல், மேசைமேல் கிடக்கும் பொருளின் மீது மின்னேற்றிய துளிகளைத் தெளித்து, தெறிப்பவற்றை நேரே நிறைமானிக்குள் இழுத்தது. பிறகு முக்கோணத் தாளில் ஒரு துளி இரத்தம் வைத்தே மருந்தின் அளவைப் படித்தது. லண்டனில் சோல்டான் டகாட்ஸ் உருவாக்கிய அறுவைக் கத்தி, சதையைச் சுடும்போது எழும் புகையிலிருந்தே அது புற்றா இல்லையா என்று சொல்கிறது. அறுவை மேசையில் குழலுக்காக அரை மணி நேரம் காத்திருக்க முடியாது. இங்கே கேள்வி தெளிவு, எதிராளி இல்லை. ஆனால் இந்த முறைகள் சோர்ந்துபோகும் இடமும் தெரிந்ததே. உப்பும் கொழுப்பும் கூட்டமாக வந்தால் மின்னேற்றத்தை அவை பறித்துக்கொள்ளும். தேடும் மூலக்கூறு இருந்தும் இல்லாததாகிவிடும். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே எடை; எவ்வளவு துல்லியமான தராசும் அவற்றைப் பிரித்தறியாது. இப்போது இந்தக் கருவிகளுக்குள் அயனிகளை வாயுவில் ஓடவிட்டு வடிவத்தால் பிரிக்கும் ஒரு பகுதியைச் செருகுகிறார்கள். வாசலில் விரட்டிய பிரிப்பு பின்கட்டு வழியாக உள்ளே வந்துவிட்டது.

பிரித்தும் பார்த்தும்கூடத் தவறலாம். 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் மண்ணைச் சூடேற்றி ஜி.சி.யும் நிறைமானியும் இணைந்த கருவிக்குள் அனுப்பின. குளோரின் ஏறிய மீத்தேன்கள் தெரிந்தன. பூமியில் கருவியைக் கழுவிய கரைப்பானின் மிச்சம் என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, செவ்வாய் மண்ணில் கரிமப் பொருளே இல்லை என்றார்கள். 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் அங்கே பெர்குளோரேட் உப்பைக் கண்டது. சூடேற்றினால் அது கரிமப் பொருளை எரித்துவிடும், மிஞ்சியதில் குளோரினை ஏற்றிவிடும். தேடிய பொருளை மாதிரித் தயாரிப்பே தின்றிருக்கலாம். கருவியில் குறை இருக்கவில்லை.

இதைச் சொல்லும்போது எண்களின் நம்பகத்தையும் தொட்டாக வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் இருந்த வில்லியம் ஹார்விட்ஸ், ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்கள் சோதித்த முடிவுகளைத் திரட்டி 1980-ல் ஒரு விதியை முன்வைத்தார். பொருளின் அளவு நூறில் ஒரு பங்காகக் குறையக் குறைய, ஆய்வகங்களுக்கு இடையிலான சிதறல் இரட்டிக்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு (பி.பி.எம்.) என்ற அளவில் அது 16 விழுக்காடு. நூறு கோடியில் ஒரு பங்கில் 45 விழுக்காடு. 2015-ல் நூடுல்ஸ் வழக்கு நாட்டையே கலக்கியபோது கொல்கத்தா ஆய்வகம் ஈயம் 17.2 பி.பி.எம். என்றது, அனுமதி 2.5. அந்த நூடுல்ஸுக்கு விதித்த தடையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் நீக்கியது. சோதித்த ஆய்வகங்கள் அதற்கு அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை என்பது முக்கியக் காரணம். அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடந்து, வரம்புக்குள் இருப்பதாக முடிவு வந்தது. ஹார்விட்ஸின் சிதறலை வைத்து 17.2-க்கும் 2.5-க்கும் உள்ள இடைவெளியை விளக்க முடியாது. மாதிரி எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்ற கேள்வி கடைசிவரை பொதுவெளியில் உரிய கவனம் பெறவில்லை.

மாதிரியின் முக்கியத்தை 2025 அக்டோபர் கொடூரமாக நினைவூட்டியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், இருபதுக்கு மேற்பட்டோர். முதலில் அங்கே சோதித்த மாதிரிகளில் நஞ்சு தென்படவில்லை என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் காஞ்சிபுரம் மாவட்ட ஆலையிலேயே எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதி 0.1 விழுக்காடு. இதே நஞ்சு 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரையும், 1972-ல் சென்னையில் குழந்தைகளையும், 1986-ல் மும்பையில் ஒரு மருத்துவமனையில் பதினான்கு பேரையும், 2022-ல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகளையும் கொன்றது. இனிப்பாக, நிறமின்றி, பாகுபோல இருப்பதால் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் இடத்தில் புகுந்துவிடுகிறது.

இந்த இடத்தில் இரு மரபுகளும் சண்டையிடத் தேவையே இல்லை. பீப்பாயில் வந்ததே வேறு பொருள் என்றால் கைக்கடக்கமான ராமன் கருவிகூடச் சொல்லிவிடும். சிறிதளவு கலந்திருந்தால் ஜி.சி. வேண்டும். அதுவும் இல்லாத ஊர்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம், மெல்லிய சிலிக்கா தகட்டில் புள்ளி வைத்துப் பிரிக்கும் சோதனையை முதற்படியாக வகுத்திருக்கிறது. ஸ்வெட்டின் குழலுக்கு நெருங்கிய உறவான அந்த முறைக்கு ஒரு தகடும் கண்ணாடி ஜாடியும் கொஞ்சம் கரைப்பானும் போதும். மருந்து ஆலைக்குள் வரும் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்து இந்தச் சோதனையைச் செய்து, அதன் பதிவைக் காட்டினால்தான் உற்பத்தியைத் தொடங்கலாம் என்ற நிலையை அரசு கண்காணிப்போடு உறுதிசெய்ய வேண்டும்.